ஈயத் தகடு அடித்த அறை

ஈயத் தகட்டைச் சுவரில் அடித்துவைத்தால் வானம் அந்த வீட்டைத் தேடிப்பிடித்துச் சுடும் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை. கல்யாணமாகி, தேயிலை பேக்டரியில் பெட்டி கட்டும் பகுதிக்குப் பொறுப்பாளனாகி, மற்றவர்கள் வேலை செய்வதை இடுப்பில் கைவைத்துப் பார்க்கும் பதவிக்கு வந்த பிறகு நம்பினேன். இதை நம்ப வெறும் முட்டாள்தனம் பத்தாது. கொஞ்சம் விஞ்ஞானமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எனக்கு ஒரு மலைச்சாலை வளைவில், ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

எழுபதுகள் முடியப்போகும் நேரம். மலாய் நாட்டில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, மலை உச்சியில், ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கொட்டகை ஒன்று போட்டார்கள். தாப்பாவிலிருந்து லோரியில் வந்த சாமான்களை எங்கள் பேக்டரி வாசலில் இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் சாலை குறுகல், லோரி ஏறாது. தோட்டத்து ஜீப்பும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று மானேஜரிடம் கேட்டார்கள். மானேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். அவர் வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போக்காரர். நாற்காலி மாறவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை. துரை என்னைக் கைகாட்டிவிட்டார். நான் நல்ல டிரைவர் என்பதால் அல்ல. நான் பேக்டரியில் இல்லாத நாளில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதால்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பௌதிக விரிவுரையாளர், தமிழர், என் வயதுதான் இருக்கும், கண்ணாடி மட்டும் என்னைவிட மூத்தது. இன்னொருவன் சீன டெக்னீஷியன். பேசுவதைவிட பிஸ்கட் தின்பது மேல் என்று முடிவு செய்துவிட்டவன். சாமான் என்றால் பாதிக்கு மேல் ஈயக் கட்டிகள். பார்த்தால் ரொட்டி அளவு. தூக்கினால் இடுப்பு ஆளைக் கூப்பிடும். மீதி மெழுகுப் பாளங்களும் நீளமான குழாய்களும்.

"சார், இம்புட்டு ஈயம் எதுக்கு? உச்சியில மீன் புடிக்கப் போறீங்களா?" என்று ஜீப்பை வளைவில் திருப்பிக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரித்தார். கேட்டுவிட்டானே, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற முகம் வந்தது. வாத்தியார்களுக்கு அது ஒரு வியாதி.

"வானத்துலேர்ந்து புரோட்டான் வந்துக்கிட்டே இருக்கு அண்ணே. ரொம்பச் சின்னது, ஆனா பயங்கர வேகம். மேல இருக்குற காத்துல முக்கால்வாசி அடிபட்டு ஒடைஞ்சிரும். அந்த ஒடைசல்ல பலமானது கொஞ்சம் கீழ வரும். மலை மேல காத்து கம்மி, அதனால இங்க அதிகமா வரும்."

"இப்பவும் வருதா சார்?"

"இப்பவும் வருது."

"மழை பெய்யுதே."

"மழையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டில்ல."

நான் தலையில் இருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அது வந்து ஈயத்துல மோதும். சிதறு தேங்காய் ஒடைக்கிறோம்ல? இங்க தேங்காய் சும்மா இருக்கும், கல்லு வந்து மோதும். அவ்வளவுதான் வித்தியாசம். ஈயத்தோட அணுக்கரு பெரிய தேங்காய். மோதுன வேகத்துல நாலஞ்சு சில்லு தெறிச்சுப் போகும். மிச்சம் இருக்கறது சூடேறிக் கொதிக்கும். கொதிச்சா ஆவி கௌம்புதே, அந்த மாதிரி அதுலேர்ந்து நியூட்ரான் கௌம்பும். இரும்புல மோதுனா கொஞ்சந்தான் வரும். ஈயம் கனமான உலோகம், அதனால நெறைய வரும். அதத்தான் எண்ணப் போறோம்."

"அந்தச் சில்லெல்லாம் எங்க சார் போகும்?"

"நியூட்ரானா? அது எதையும் தாண்டிப் போகும். ஈயத்தைத் தாண்டும், சுவத்தைத் தாண்டும். மெழுகுலதான் வேகம் கொறையும். அதுக்குத்தான் இந்தப் பாளம்."

"இதுக்கு ஏன் சார் இந்த மலை? உலகத்துல வேற மலை இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். பூமிக்கு ஒரு காந்தம் இருக்கிறதாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்தக் காந்தம் பலவீனமான கதிர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுமாம். அதை மீறி வரும் பலசாலிகள் மட்டும்தான் நம் பக்கம் இறங்குமாம். அவர் இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. சாதுவான கதிரெல்லாம் குளிர்தேசத்துக்குப் போய்விடுகிறது, ரவுடிகளை மட்டும் பொறுக்கி எங்கள் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "ஒடைஞ்ச ஈயம் அப்புறம் என்னவா ஆகும்?"

"எது எது தெறிச்சுதோ அதப் பொறுத்து. பாதரசமாகலாம். எப்பவாவது ஒண்ணு தங்கமாக்கூட ஆகலாம். ஆனா ஒண்ணு ரெண்டு அணு. ஒரு மூக்குத்தி செய்யணும்னா இந்த மலைக்கு இருக்குற வயசு பத்தாது."

அன்று சாயங்காலமே லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எல்லாரிடமும் சொன்னேன், மலை உச்சியில் ஈயத்தை வானத்துக்குக் காட்டித் தங்கம் செய்கிறார்கள் என்று. மூக்குத்தி விஷயத்தை விட்டுவிட்டேன். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது என் பழக்கம். திங்கட்கிழமைகளில் இடது கையால்தான் கொழுந்து பறிக்க வேண்டும், துரை உத்தரவு என்று ஒருமுறை சொல்லி, மத்தியானம் வரைக்கும் ஒரு மலைச்சரிவு முழுக்க இடது கையால் பறிக்கவைத்தவன் நான். ஆக, தங்கத்தைப் பற்றிச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு, நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் படுக்கையறையின் மூன்று சுவரிலும் ஈயம் மின்னியது.

அந்த ஈயம் அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அந்த முறை வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு ரிங்லெட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். சாலை முழுக்க வளைவு. போய்ச் சேர்ந்த மறுநாளே கலைந்துவிட்டது. சாலையால்தான் ஆயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னாள். இந்த முறை, "வயித்தோட அந்த ரோட்டுல நான் எறங்க மாட்டேன். தானா ராத்தா ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு, இங்கயே பெத்துக்குறேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு வருத்தம். ஊர் வழக்கத்தை மாற்றுகிறாளே என்று லயத்தில் முணுமுணுப்பு. அவள் அசையவில்லை.

எங்கள் லயம்தான் தோட்டத்திலேயே மேட்டில் இருப்பது. பலகைச் சுவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று வந்து போக அனுமதி கேட்பதில்லை. மழை மாதத்தில் வாயைத் திறந்து பேசினால் உள்ளேயே புகை வரும். லயத்தில் எல்லாரும் சுவரில் எதையாவது அடித்துத்தான் வைத்திருப்பார்கள். பத்திரிகைத் தாள், உரச்சாக்கு, கலண்டர் சாமி படங்கள். நான் பெட்டி கட்டுகிறவன் அல்லவா, எனக்கு அந்தஸ்து வேண்டாமா? பேக்டரியின் பழைய ஸ்டோரில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. அந்தக் காலத்தில் தேயிலை நமுக்காமல் இருக்கப் பெட்டிக்குள் மெல்லிய ஈயத் தகடு விரிப்பார்களாம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போய்யா, எலிக்காவது எடம் கெடைக்கும்" என்றார். தகடுகளை உரித்து, போத்தலை உருட்டித் தட்டையாக்கி, கட்டிலைச் சுற்றி மூன்று சுவரிலும் ஆணி அடித்தேன். காற்று நின்றுவிட்டது. விளக்கு வைத்தால் அறை வெள்ளியாக மினுங்கும். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்த வெள்ளி அறையின் நடுவில், கட்டிலில், காலை நீட்டி உட்கார்ந்து என் மனைவி வயிற்றில் தட்டை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று வரிசையாக ஞாபகம் வந்தது. வானத்திலிருந்து வருகிறது. ஈயத்தில் மோதுகிறது. ஈயம் கொதித்துக் கக்குகிறது. கக்குவது எதையும் தாண்டிப் போகும். தாண்டிப் போகிற வழியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதற்கு மேல் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். பேக்டரிக் கூரையில் இடிதாங்கி இருக்கிறது. உயரத்தில் உலோகக் கம்பி நின்றால் மின்னல் அதைத் தேடி வரும். அப்படியானால் மேட்டில் இருக்கும் லயத்தில் மூன்று சுவர் நிறைய ஈயம் இருந்தால் எது தேடி வரும்? பல்கலைக்கழகத்துக்காரர்கள் மலை உச்சியில் ஒரு பொறி வைத்தார்கள் என்றால், நான் என் பெண்டாட்டியின் கட்டிலைச் சுற்றி இன்னொன்று வைத்திருக்கிறேன். இரை உட்பட.

"எந்திரி" என்றேன்.

"எதுக்கு?"

"கட்டிலை நடுவுல தள்ளணும்."

"நடுவுலதான இருக்கு."

உண்மைதான். அது சின்ன அறை, கட்டிலுக்கு வேறு இடமே கிடையாது. நான் வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். அவள் அவரைக்காயைப் பார்த்தபடியே, "ஏங்க, வயித்துல ஏதும் கடமுடாவா?" என்று கேட்டாள்.

மெழுகு ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போய் சீனன் கடையில் இருந்த மெழுகுவத்தி முழுவதையும் வாங்கிவந்தேன். கட்டிலைச் சுற்றி, கொளுத்தாமல், நெருக்கமாக நிறுத்திவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர், வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

"தம்பி, ஞானஸ்நானம் எப்ப? மாதா கோயில்லகூட இம்புட்டு வத்தி இல்லையே" என்றார்.

என் மனைவி குளித்துவிட்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு செத்தா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். புரோட்டான், சிதறு தேங்காய், ரவுடிக் கதிர், எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கு இடது கை கொழுந்தே பரவாயில்ல. அதுலயாவது ஒரு நியாயம் இருந்துச்சு" என்றாள். அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருப்பதும் விளையாட்டின் ஒரு பகுதி என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். ஊரைச் சிரிக்கவைக்கிறவனுக்குப் பயம் வந்தால் அதைக் கொண்டுபோய் வைக்க இடமே இல்லை.

மறுநாள் அவள் கொழுந்து நிறுக்கிற பக்கம் லேசான வேலைக்குப் போயிருந்த நேரம். நான் பேக்டரியில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்து, மூன்று சுவரிலும் இருந்த தகட்டை ஆணியோடு பிடுங்கினேன். சுருட்டி லயத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரம் எறிந்தேன். அப்போதுதான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு புகையாகப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கென்று காற்றும் மழையும். அவள் நனைந்து வந்து கதவைத் திறந்தாள். பலகை இடுக்கெல்லாம் விசில் அடித்தது. ஆணி இருந்த ஓட்டைகள் வேறு புதிதாகச் சேர்ந்திருந்தன.

"செவுரு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். அதுதான் மோசம். திட்டினால் பதில் சொல்லலாம்.

இரண்டு நாளில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமும்போது வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பேன். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் வந்து முதுகில் குழாய் வைத்துப் பார்த்தார். சளி நெஞ்சுக்கு இறங்குகிறது, இந்த மாதத்தில் இப்படி இருமக் கூடாது, முதலில் அறையைச் சூடாக வை என்று என்னிடம் கோபமாகச் சொன்னார். தகட்டைத் திரும்ப அடித்தால் கதிர். அடிக்காவிட்டால் குளிர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளையைக் கெடுக்கிறவன் நான்தான். டிரஸ்ஸரிடம் கதிர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்கிட்ட பேச எனக்கு நேரமில்லப்பா" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

அவர் போனதும் அவள் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில கோலா தெர்லாவுலேர்ந்து கோஸ் லோரி கீழ போகுது. சொல்லி வெச்சிட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"அந்த ரோட்டுலயா?"

"இங்க இருந்தா இருமியே எறக்கிருவேன் போலருக்கு. ரோடாவது பரவாயில்ல." அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "வேணாம்னு சொல்லித்தான இங்க இருந்தேன். நீங்கதான் செவுத்தப் புடுங்கிட்டீங்க."

கோஸ் லோரியில், முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பக்கத்தில், அத்தனை வளைவும் இறங்கி. நான் அப்படியே மோட்டாரை எடுத்துக்கொண்டு மலை உச்சிக்குப் போனேன். விரிவுரையாளர் கொட்டகையில் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் கவலையாகத்தான் இருந்தது. கதையைப் பாதியோடு நிறுத்தியது தான்தானே என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம்.

"அண்ணே, ஈயம் எதையும் இழுக்காது. மழையில வாளி வெச்சா வாளியா மழைய இழுக்குது? விழற மழை விழுது, வாளியில கொஞ்சம் விழுது."

"இடிதாங்கி சார்?"

"மின்னல் வேற, இது வேற. ஒங்க தகடு எவ்வளவு கனம்?"

"சட்டைத் துணி கனம் இருக்கும்."

"இங்க பாருங்க, நாங்க இவ்வளவு ஈயம் ஏன் அடுக்கியிருக்கோம்? மோதறதே அபூர்வம், அதனாலதான். சட்டைத் துணி கனத்துல எல்லாம் சும்மா ஊடுருவிப் போயிரும்."

"சத்தியம் பண்ணுங்க சார்."

"சத்தியம் எதுக்கு? நாளைக்குக் காலையில தகட்டை எல்லாம் கொண்டாங்க. மெஷின் மேல விரிச்சு எண்ணிப் பார்ப்போம்."

தகட்டைக் கொண்டுவர வேண்டும் என்றால் தகடு இருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சாக்கடை ஓரம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தங்கக் கதையைச் சொன்னவன் நான்தானே. அதைச் சொன்னவனே ஈயத்தை அள்ளி எறிந்தால், அதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று லயம் முடிவு செய்து, ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப்போய்விட்டது. வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன்.

கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கும் கங்காணி தன் பங்கைக் கூரைமேல் ஏற்றி, வானத்தைப் பார்க்க விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார். கீழிருந்து கூப்பிட்டேன்.

"கங்காணி, அந்தத் தகட்டைக் குடுங்க. ஒரு நாளைக்குத்தான்."

"ஏன், பழுத்துருச்சா?"

"தங்கமெல்லாம் ஆகாது கங்காணி. நான் சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொன்னத நம்பி ஒரு தடவ இடது கையால பறிக்கவெச்சேன். இப்ப சும்மான்னு சொல்றதயும் நம்பச் சொல்றியா? நான் என்ன அவ்ளோ பேக்கா லா?"

கடைசியில் தங்கமானால் பாதி அவருக்கு என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் கல்லை எடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா தன் தகட்டை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். "எனக்குத் தங்கமெல்லாம் வேணாம் தம்பி. பளபளன்னு இருந்துச்சு, அதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள லோரியில ஏத்திராத. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா" என்றார்.

விடிந்ததும் தகடுகளை ஜீப்பில் போட்டேன். அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் போகாத. சார் எண்ணிச் சொல்லிருவாரு. ஒண்ணுமில்லன்னா உடனே திரும்ப அடிச்சுருவேன்."

"லோரி யாருக்கும் நிக்காது" என்றாள்.

கொட்டகைக்குள் ஈயக் கட்டிகள் குழாய்களைச் சுற்றி அடுக்கியிருந்தன. அதைச் சுற்றி மெழுகு. ஓரத்தில் ஒரு பெட்டியில் எண்கள் டக் டக்கென்று மாறிக்கொண்டிருந்தன. டெக்னீஷியன் முதலில் தகடு இல்லாமல் ஒரு தவணை எண்ணினான். பிறகு என் சுவர் மூன்றையும் ஈயக் கட்டிகளின்மேல் விரித்தான். மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

நான் வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்தேன். வாசலில் நின்றால் பனிமூட்டம் விலகும்போது கீழே சாலை தெரியும். பெட்டிக்கு அருகே நின்றால் எண் தெரியும். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க எனக்குக் கழுத்து போதவில்லை.

தவணை முடிந்தது. டெக்னீஷியன் எண்ணைக் காட்டினான். முன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"ஏறிருச்சு" என்றேன். என் குரல் எனக்கே பெண்குரலாகக் கேட்டது. "பாத்தீங்களா சார், ஏறிருச்சு."

"துங்கு லா" என்றான் டெக்னீஷியன், பொறு என்று மலாயில். அவன் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

விரிவுரையாளர் விளக்கினார். தகடே இல்லாமல் எண்ணினாலும் ஒரு தவணை ஏறும், ஒரு தவணை இறங்கும். மழைத்துளி ஓட்டின்மேல் விழுகிற மாதிரி, ஒரே சீராக விழாது. பல தடவை எண்ணினால்தான் நிஜமாகவே ஏறியதா என்று சொல்ல முடியும்.

"எத்தனை தடவை சார்?"

"அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல் இருக்க நான் என்ன கல்லா? கல்லாக இருந்தாலும் வானம் விடாது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். மூட்டம் விலகியது. கீழே, தெர்லா பக்கமிருந்து ஒரு நீல லோரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் பச்சையாக மூட்டைகள். எங்கள் லயத்து வளைவுக்கு வந்தது. நின்றது. மூட்டம் மூடிக்கொண்டது.

உள்ளே அடுத்த தவணை முடிந்தது. குறைந்திருந்தது. அதற்கடுத்தது ஏறியது. அதற்கடுத்தது பழையபடி. டெக்னீஷியன் தகட்டை எடுத்துவிட்டு எண்ணினான், போட்டுவிட்டு எண்ணினான். எடுத்ததற்கும் போட்டதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வாசலில் நின்றபடி பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்தேன். மூட்டம் மறுபடி விலகியபோது லோரி அங்கே இல்லை.

"அப்ப அந்தத் தகட்டுல ஒண்ணுமே மோதாதா சார்? சுத்தமா?"

விரிவுரையாளர் நேர்மையான மனிதர். எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பொய் தேவைப்பட்டது. அவர் தரவில்லை.

"சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன். எப்பவாவது ஒண்ணு மோதும். அது ஒங்க ஒடம்புலயும் மோதுது, என் ஒடம்புலயும் மோதுது, இந்தத் தேயிலைச் செடியிலயும் மோதுது. தகட்டால அது கூடிருச்சுன்னு எங்க மெஷினால காட்ட முடியல. அவ்வளவுதான் சொல்ல முடியும்." நான் தகட்டைச் சுருட்டினேன். ஜீப்பில் ஏறும்போது பின்னாலேயே வந்தார். "அண்ணே, ஒண்ணு மறந்துட்டேன். கதிர் கெடக்கட்டும். ஈயம் வயித்துக்குள்ள போனா விஷம். கொழந்தை தவழ்ந்து செவுத்த நக்கும். அதுக்கு முன்னாடி எடுத்துருங்க."

அன்று நான் இறங்கிய வேகத்தில் எந்தப் புரோட்டானும் இறங்கியிருக்காது. லோரியைச் சாலையில் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் லயத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டும்போது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. என் வீட்டில் சுத்தியல் அடிக்கிற ஒரே ஆள் நான், அந்த நான் ஜீப்பில் இருக்கிறேன். பின்னால் எடுத்துவந்து நிறுத்தினேன்.

அறைக்குள் பக்கத்து வீட்டு அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கங்காணி சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உரச்சாக்கை இரண்டாக மடித்து, நடுவில் பத்திரிகைத் தாள் திணித்து, மூன்று சுவரும் முக்கால்வாசி மூடியிருந்தது. உள்ளே கணகணவென்று இருந்தது. என் மனைவி கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

"லோரி போயிருச்சே" என்றேன்.

"ஏறுனேன். அந்த மொத வளைவப் பாத்தேன். எறங்கிட்டேன்." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "அக்காதான் சொன்னாங்க, சாக்கு அடிச்சா போதும்னு. என்ன சொன்னாரு ஒங்க சாரு?"

"ஒண்ணும் ஆகாதாம்."

"அதத்தான நானும் சொன்னேன்."

"ஆனா நக்கக் கூடாதாம்."

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதுக்கு நக்குறீங்க?" என்றாள். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கங்காணி சிரிக்கவில்லை, என் கக்கத்தில் இருந்த தகட்டையே பார்த்தார்.

"பழுக்கலயா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல கங்காணி."

தகடுகளைப் பேக்டரி ஸ்டோரில், பழைய பெட்டிகளுக்குள்ளேயே திரும்பப் போட்டேன். இருமல் அந்த வாரத்துக்குள் அடங்கியது. அதன்பிறகும் நான் உச்சிக்கு ஜீப் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் எண் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். டெக்னீஷியன் ஒவ்வொரு முறையும் பிஸ்கட் கொடுத்தான்.

பிள்ளை மாதம் நிறைந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில், ஒரு சாதாரண மத்தியானத்தில் பிறந்தது. பெண். எடை சரியாக இருக்கிறது, தாய்க்கும் ஒன்றுமில்லை என்று நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். மலை உச்சியில் அன்றைய எண்ணிக்கை, அதற்கு முந்தின நாளின் எண்ணிக்கையைப் போலத்தான் இருந்தது.